கல்லூரி அணி எதனால் தோற்றது?

அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1936இல் பெர்லினில் இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து 1988 வரை அமெரிக்கா தன் தொழில்முறை வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு அமெச்சூர்களை அனுப்பியது. தொடக்கத்தில் நிறுவன அணிகளின் ஆட்டக்காரர்களும் கலந்திருந்தார்கள். போகப்போக அது ஏறக்குறைய முழுக்கக் கல்லூரி மாணவர்களின் அணியாயிற்று. 1972 முனிக் இறுதிப்போட்டியில் தோற்கும்வரை ஒலிம்பிக்கில் அந்த அணி தொடர்ச்சியாக 63 ஆட்டங்களை வென்றிருந்தது. 1988இல் சோல் நகரில் நடந்த அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்திடம் 76-82 என்று தோற்றது. அவமானம் தாங்காத அமெரிக்கா 1992இல் பார்சிலோனாவுக்கு மேஜிக் ஜான்சனையும் லாரி பேர்டையும் மைக்கேல் ஜோர்டானையும் அனுப்பிக் கணக்கைத் தீர்த்தது. பையன்கள் தோற்றார்கள், பெரியவர்கள் போய் மீட்டார்கள் என்பதுதான் கதையின் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லூரி அணி தோற்றதற்கு அதன் இளமையையும் அனுபவமின்மையையும் காரணமாகக் காட்டுவது, கிடைக்கும் சான்றுகளோடு பொருந்தவில்லை. அந்த அணிகளிடம் இல்லாமல் போனது சேர்ந்து ஆடிய காலம். அதை அவர்களிடமிருந்து பறித்தது, நியாயத்தின் பேரால் எழுதப்பட்ட ஒரு விதி.

அந்த விதி என்ன செய்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பெயரிலேயே அன்று ‘அமெச்சூர்’ என்ற சொல் இருந்தது. ஆனால் நடைமுறையில் அது பணம் வாங்கி ஆடுகிற எல்லோரையும் விலக்கவில்லை, அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடியவர்களைத்தான் விலக்கியது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கிளப் அணிகளிடம் சம்பளம் பெற்றவர்கள் தங்கள் நாட்டுக்காகத் தடையின்றி ஆடினார்கள். பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட்டை 1984இல் நியூ ஜெர்சி நெட்ஸ் அணி தேர்வு செய்தது. போனால் பிரேசிலுக்கு ஆட முடியாது என்பதால் மறுத்துவிட்டார். மறுத்தவர் சம்பளமில்லாமல் இருக்கவில்லை, இத்தாலியின் கசெர்தா அணிக்குத் தொழில்முறையாகவே ஆடிக்கொண்டிருந்தார். சோவியத் வீரர்கள் ராணுவத்திலோ கல்வி நிறுவனத்திலோ பெயருக்கு ஒரு பதவியோடு முழுநேரமும் பந்தாடினார்கள். அமெரிக்க மாணவருக்கும் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது. ஆக, யாருமே கைக்காசைப் போட்டு ஆடவில்லை. விதியின் உண்மையான விளைவு வேறு இடத்தில் இருந்தது. ஒரு சோவியத் வீரரோ யூகோஸ்லாவிய வீரரோ பத்தாண்டுகள் தேசிய அணியில் இருக்கலாம். அமெரிக்க வீரர் என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் தேசிய அணிக்கு அந்நியராகிவிடுவார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாபி நைட்டின் பயிற்சியில் தங்கம் வென்ற ஜோர்டான், பேட்ரிக் யூயிங், கிறிஸ் மல்லின் உள்ளிட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட சோல் அணியில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. உலகில் அந்த ஒரு நாட்டு அணி மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

சோல் அரையிறுதியை இந்தக் கண்ணோடு பார்த்தால் ‘பையன்கள்’ என்ற பேச்சு நிற்காது. அன்று அமெரிக்காவின் மையவீரர் டேவிட் ராபின்சனுக்கு வயது 23. எதிரே நின்ற அர்விதாஸ் சபோனிஸுக்கும் 23. அமெரிக்காவின் டேனி மேனிங்குக்கு 22. சோவியத் அணியின் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸுக்கு 24. ரிமாஸ் குர்தினைட்டிஸ், வால்தெமாராஸ் கோமிசியுஸ் போன்றோர் மூத்தவர்கள்தான், மறுப்பதற்கில்லை. அந்த ஆட்டத்தில் 28 புள்ளிகள் எடுத்த குர்தினைட்டிஸுக்கு வயதும் 28. ஆனால் வயதைவிட வேறொரு கணக்கு முக்கியம். 1986 உலகப்போட்டி இறுதியில் இதே அமெரிக்காவை எதிர்கொண்ட சோவியத் அணியிலிருந்து சபோனிஸ், குர்தினைட்டிஸ், கோமிசியுஸ், வோல்கோவ், டிகோனென்கோ எனப் பலர் சோலுக்கும் வந்தார்கள். சபோனிஸும் குர்தினைட்டிஸும் கோமிசியுஸும் கௌனாஸ் நகரின் ஜல்கிரிஸ் கிளப்பில் ஆண்டு முழுவதும் கூட்டாளிகள். அமெரிக்கத் தரப்பில் 1986 அணியிலிருந்து சோலுக்கு வந்தவர்கள் ராபின்சனும் சார்ல்ஸ் ஸ்மித்தும்தான். அதிலும் ராபின்சன் 1987இல் படிப்பை முடித்துக் கடற்படைப் பணியில் இருந்ததால் முழு சீசன் ஆட்டப் பழக்கம் இல்லாமல் வந்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அவ்வாண்டு நாயகனான மேனிங் அந்த அரையிறுதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதே ஆண்டு தன் கேன்சஸ் பல்கலைக்கழகத்தைத் தேசியப் பட்டத்துக்குத் தோளில் சுமந்து சென்றவர் அவர். ஆறு மாதத்தில் ஒருவருக்கு ஆட்டம் மறந்துபோவதில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் மாறிப்போயிருந்தார்கள்.

வயதை வைத்துச் சொல்லப்படும் விளக்கத்தை இன்னும் நேராகச் சோதிக்க ஓர் ஆதாரம் இருக்கிறது. ஒலிம்பிக் வெளிச்சத்தில் அது மறைந்துபோயிற்று. 1987இல் இத்தாலியின் போர்மியோ ஊரில் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகப்போட்டி நடந்தது. வயது வரம்பு எல்லோருக்கும் ஒன்று. ஆகவே ‘பெரியவர்களோடு மோதிய பிள்ளைகள்’ என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. அமெரிக்க அணிக்கு லாரி பிரவுன் பயிற்சியாளர். கேரி பேட்டன், லாரி ஜான்சன், ஸ்டேசி ஆக்மன் போன்ற, பின்னாளில் என்.பி.ஏ.வில் நிலைத்த பெயர்கள் அதில் இருந்தன. யூகோஸ்லாவியாவின் பயிற்சியாளர் ஸ்வெதிஸ்லாவ் பெஷிச். அவரிடம் டோனி குகோச், விளாடே டிவாச், டினோ ராஜா, அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச் ஆகியோர் இருந்தார்கள். முதற்சுற்றில் யூகோஸ்லாவியா 110-95 என்று வென்றது. அதில் குகோச் எறிந்த பன்னிரண்டு மூன்று புள்ளி எறிதல்களில் பதினொன்று உள்ளே போயின. இறுதியில் மீண்டும் சந்தித்தார்கள். மீண்டும் யூகோஸ்லாவியாவே, 86-76. இரு அணிகளிலும் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் அணி முந்தைய ஆண்டே ஐரோப்பிய இளையோர் பட்டத்தைச் சேர்ந்து வென்ற அணி. மற்றொன்று அந்தக் கோடையில் பொறுக்கியெடுத்த அணி. மூன்றாண்டு கழித்து 1990இல் பியூனஸ் அயர்ஸ் உலகப்போட்டியில் யூகோஸ்லாவியா அமெரிக்கக் கல்லூரி அணியை அரையிறுதியில் 99-91 என்று வென்றபோது போட்டியின் சிறந்த வீரராகத் தேர்வான குகோச்சுக்கு வயது 21தான். கல்லூரி மாணவரின் வயது.

சேர்ந்து ஆடிய காலம் ஆட்டத்துக்குள் எப்படிப் பலனாக மாறுகிறது? கூடைப்பந்தில் வேகமும் எகிறும் சக்தியும் தனி மனிதரின் சொத்து; எந்த அணியில் போட்டாலும் அவை கூடவே வரும். ஆளைவிட்டு ஆளுக்கு மாறித் தடுப்பது, மண்டலத் தடுப்பில் யார் எந்த மூலைக்கு ஓடுவது, பந்து கைக்கு வருமுன்பே எறிபவர் எங்கே நிற்பார் என்று தெரிந்திருப்பது போன்றவை கூட்டுச் சொத்து. பழகினால்தான் வரும். 1984இல் சர்வதேசச் சம்மேளனம் 6.25 மீட்டரில் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்த பிறகு இந்தக் கூட்டுச் சொத்தின் விலை ஏறிவிட்டது. காலியாக நிற்கும் எறிபவரைக் கண்டுபிடிக்கும் அணிக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அமெரிக்கக் கல்லூரிகள் அந்தக் கோட்டை நாடு முழுவதற்குமாக ஏற்றது 1986-87 சீசனில்தான், அதுவும் இன்னும் கிட்டத்தில். எறிவதற்கான நேரவரம்பும் கல்லூரியில் 45 விநாடி, சர்வதேச ஆட்டத்தில் 30. வீட்டில் ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம். இடையில் பழகிக்கொள்ளச் சில வாரங்கள்.

1987 ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் நகரில் பான் அமெரிக்கன் விளையாட்டின் இறுதியில் நடந்தது இதற்கு நல்ல விளக்கம். சொந்த மண்ணில், சொந்த ரசிகர் முன்னால், அமெரிக்கக் கல்லூரி அணி இடைவேளையில் பிரேசிலைவிட 68-54 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் ஆஸ்கர் மட்டும் 35 புள்ளிகள் எடுத்தார், மொத்தம் 46. மார்செல் சோசா 31. முடிவு பிரேசிலுக்கு 120-115. இருபது நிமிடத்தில் பிரேசில் வீரர்கள் உயரமாகிவிடவில்லை. ஆஸ்கரும் மார்செலும் ஒருவரையொருவர் பல்லாண்டு அறிந்தவர்கள். வெளியிலிருந்து எறிந்தே ஆட்டத்தைத் திருப்ப முடியும் என்ற துணிச்சல் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க மாணவர்களுக்கோ அப்படிப்பட்ட எறிதல் மழையைத் தங்கள் கல்லூரியில் எப்படித் தடுப்பார்கள் என்று தெரியும். இந்தப் புது அணியில் எப்படித் தடுப்பது என்று ஒருமித்த பதில் இல்லை.

1972 முனிக்கைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கடைசி மூன்று விநாடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டு, அலெக்சாண்டர் பெலோவின் எறிதலில் சோவியத் 51-50 என்று வென்றதையும், மேல்முறையீட்டுக் குழு 3-2 என்று அமெரிக்க மனுவைத் தள்ளியதையும், அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்காததையும் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. அநீதி நடந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த மூன்று விநாடிகளுக்கு முந்தைய ஆட்டத்தின் பெரும்பகுதியில் சோவியத் அணிதான் முன்னால் இருந்தது என்பதை அந்த எழுத்துகளில் பாதிகூட நினைவூட்டுவதில்லை. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது, சத்தத்தில் கேட்கவில்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய முதல் மறுப்பு 1986. மாட்ரிட்டில் அவ்வாண்டு உலகப்போட்டி இறுதியில் லூட் ஓல்சனின் கல்லூரி அணி, சபோனிஸ் ஆடிய சோவியத் அணியை 87-85 என்று வென்றது. வெறும் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மக்சி போக்ஸை யூகோஸ்லாவியாவின் டிரஜென் பெட்ரோவிச் மேல் ஏவிவிட்ட தொடர் அது. அவசரமாகக் கூட்டிய அணி வெல்லவே முடியாது என்று நான் சொன்னால் இந்த ஒரு பட்டமே என்னை மடக்கிவிடும். நான் சொல்வது, அத்தகைய அணியின் வெற்றி நூலிழையில் தொங்கும் என்பது. அதே தொடரில் அந்த அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது; இறுதியில் இரண்டு புள்ளியில் தப்பியது. 1982இல் காலி நகரில் நடந்த உலகப்போட்டி இறுதியில் அமெரிக்க அணி ஒரு புள்ளியில், 94-95 என்று தோற்றது. திறமை ஓரளவு சமமாகிவிட்ட பிறகு, பழகாத அணியின் ஆட்டங்கள் நாணயத்தைச் சுண்டிவிடுவதுபோல ஆகிவிட்டன. ஒலிம்பிக்கில் 1968 வரை அது நேராமல் இருந்ததற்கு மற்ற நாடுகள் அப்போதுதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்ததே காரணம். 1956 மெல்போர்னில் பில் ரசல் இருந்த அணி சோவியத்தை இறுதியில் 89-55 என்று நொறுக்கியபோது, யார் யாரோடு எத்தனை நாள் பழகினார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் மறுப்பு பயிற்சியாளரைக் குறிவைக்கிறது. சோலில் ஜான் தாம்சன் முழுத்திடல் நெருக்கடிக்கு ஏற்ற ஓட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார், வெளியிலிருந்து எறிபவர்களை ஒதுக்கினார். தகுதித் தேர்வுக்கு வந்த ஸ்டீவ் கெர் போன்ற எறிபவருக்கு இடமில்லை. இருந்த நல்ல எறிபவர் ஹெர்ஸி ஹாக்கின்ஸ் தொடரிலேயே முழங்காலில் அடிபட்டார். தோல்விக்கு அது போதுமான விளக்கம் என்பார்கள். தாம்சனின் தேர்வில் குறை இருந்தது உண்மைதான் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறையை மேலும் கேள்வி கேட்க வேண்டும். புது ஆட்களைக் கொண்டு குறுகிய காலத்தில் அணி கட்டுகிற எந்தப் பயிற்சியாளரும் எளிதில் கற்பிக்கக் கூடியதைத்தான் நம்புவார். ஓடு, நெருக்கு, பந்தைப் பறி என்பதைச் சில வாரத்தில் கற்பிக்கலாம். நால்வர் இடம் மாறி ஐந்தாமவரைக் காலியாக்கும் தாக்குதலைக் கற்பிக்க அதைப்போலப் பலமடங்கு நாள் ஆகும். தாம்சனின் தேர்வு அவருடைய பிடிவாதம் மட்டுமென்றால் மற்ற ஆண்டுகளில் வேறு பயிற்சியாளர்கள் தப்பியிருக்க வேண்டும். டென்னி கிரம் இண்டியானாபோலிஸிலும், மைக் ஷஷெவ்ஸ்கி பியூனஸ் அயர்ஸிலும் தோற்றார்கள். இருவரும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றவர்கள், அல்லது அதை வெல்லவிருந்தவர்கள்.

1992 ‘கனவு அணி’தான் மூன்றாவது, எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அவர்களும் சேர்ந்து ஆடியவர்கள் அல்லர். ஆனாலும் பார்சிலோனாவில் ஒவ்வோர் ஆட்டத்தையும் சராசரியாக 44 புள்ளி அளவு வித்தியாசத்தில் வென்றார்கள். அப்படியானால் வயதும் திறமையும்தானே தீர்மானிக்கின்றன? திறமை இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும்போது அது காலத்தின் குறையை விழுங்கிவிடும் என்பது மெல்போர்னிலேயே தெரிந்ததுதான். பார்சிலோனாவில் அந்த இடைவெளி மீண்டும் திறக்கப்பட்டது, அவ்வளவே. அது எவ்வளவு நாள் தாங்கியது என்று பாருங்கள். பத்தே ஆண்டில், 2002இல், அதே இண்டியானாபோலிஸில் என்.பி.ஏ. வீரர்களின் அணி அர்ஜென்டினாவிடமும் யூகோஸ்லாவியாவிடமும் ஸ்பெயினிடமும் தோற்று உலகப்போட்டியில் ஆறாம் இடத்துக்குச் சரிந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பியது. கோடிகளில் சம்பளம் வாங்கிய அந்தப் பெரியவர்களின் தோல்வியும் சோல் மாணவர்களின் தோல்வியும் அசப்பில் ஒன்றுபோல இருந்தன: பந்து நகராமல் நின்றது, எதிரணியின் எறிபவர்கள் காலியாக நின்றார்கள். ‘சின்னப் பையன்கள்’ என்ற காரணம் இந்த இடத்தில் முற்றாகச் செத்துவிடுகிறது.

அமெரிக்கா அதைச் சரிசெய்த விதமே என் வாதத்துக்குச் சாட்சி. 2005இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற ஜெர்ரி கொலாஞ்சலோ முதலில் கேட்டது இன்னும் பெரிய நட்சத்திரங்களை அல்ல. வருகிறவர்கள் மூன்றாண்டு வர வேண்டும் என்ற உறுதியை. பயிற்சியாளராக அவர் அமர்த்தியது பியூனஸ் அயர்ஸில் கல்லூரி அணியோடு தோற்ற அதே ஷஷெவ்ஸ்கியை. 2006இல் கிரீஸிடம் தோற்றும் அணியைக் கலைக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில் ஸ்பெயினை 118-107 என்று வென்று தங்கம் வந்தது. 1989 ஏப்ரலில் முனிக்கில் சர்வதேசச் சம்மேளனம் 56-13 என்ற வாக்கில் என்.பி.ஏ. வீரர்களை அனுமதித்தபோது எதிர்த்து வாக்களித்த பதின்மூன்று நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று, சோவியத்தும் ஒன்று என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது பயனுள்ளது. சோல் தோல்விக்குப் பழிவாங்க அமெரிக்கா கேட்டு வாங்கிய மாற்றம் இல்லை அது. சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் போரிஸ் ஸ்டான்கோவிச் பல ஆண்டுகள் வற்புறுத்திக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு அது தந்த உண்மையான நன்மை நட்சத்திரங்களைவிட, ஒரே ஆட்டக்காரர் திரும்பத் திரும்ப வரக்கூடிய வாய்ப்பு. அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

கல்லூரி அணி சர்வதேச மேடையிலிருந்து மறைந்துவிடவில்லை. உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் அது இன்னும் ஆடுகிறது. அங்கே நடந்தது ஏறக்குறைய ஒரு சோதனை போலவே அமைந்துவிட்டது. 2011இல் ஷென்செனுக்கும் 2013இல் கசானுக்கும் அமெரிக்கா பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணிகளை அனுப்பியது. ஐந்தாம் இடமும் ஒன்பதாம் இடமும் கிடைத்தன. 2015இல் வழியை மாற்றி, கேன்சஸ் பல்கலைக்கழக அணியை அப்படியே, வெளியிலிருந்து ஓரிருவரைச் சேர்த்து, குவாங்ஜுவுக்கு அனுப்பினார்கள். தனித்தனியாக எடைபோட்டால் அந்த அணி நாட்டின் பொறுக்கியெடுத்த பன்னிருவரைவிட மேலானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது இறுதியில் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு ஜெர்மனியை 84-77 என்று வென்றது. 2017 தைபேயில் பர்டூ பல்கலைக்கழகம் வெள்ளி பெற்றது. 2019 நேப்பிள்ஸில் கிளெம்சன் தங்கம். எதிர்ச் சான்றுகளும் உண்டு: 2005 இஸ்மீரில் ஜே ரைட் பயிற்சியளித்த, பொறுக்கியெடுத்த அணி தங்கம் வென்றது, 2007 பாங்காக்கில் ஒரே பல்கலைக்கழகமாகப் போன நார்தன் அயோவா பதக்கமின்றித் திரும்பியது. ஆகவே சேர்ந்திருப்பது மட்டுமே போதும் என்று யாரும் கொண்டாட வேண்டாம். திறமையில் அடிப்படைத் தரம் வேண்டும். அந்தத் தரத்துக்கு மேல், பழக்கம் திறமையின் இடைவெளியை நிரப்புகிறது என்பதைத்தான் இந்த வரிசை காட்டுகிறது.

இப்போது நிலைமை ஒரு விசித்திரமான திருப்பத்தில் இருக்கிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். 2025இல் ஏற்பட்ட நீதிமன்றச் சமரசத்துக்குப் பிறகு, முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். ஐம்பது ஆண்டுகள் உலகைப் பிரித்துவைத்த அமெச்சூர் என்ற வேலி வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் எளிதாகிவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் அணியில் பாதி புதுமுகங்கள் என்பது இன்று சகஜம். கேன்சஸ் 2015இல் பெற்ற அந்தச் சாதகம், சில பருவங்களைச் சேர்ந்து கழித்த ஆட்டக்காரர்கள் என்ற சாதகம், நாட்டுக்குள்ளேயே அரிதாகி வருகிறது. பணம் வந்த வழியிலேயே காலம் வெளியே போகிறது. அடுத்த முறை ஏதாவதொரு அமெரிக்கக் கல்லூரி அணி வெளிநாட்டில் தோற்ற செய்தி வந்து, அதன் கீழே ‘இளைய அணி’ என்று சமாதானம் எழுதியிருந்தால், வாசகர்கள் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டாம். அவர்கள் முதன்முதலாக ஒன்றாகப் பயிற்சிக்கு இறங்கிய தேதியைத் தேடிப் பார்க்கட்டும்.